நோயாளியின் அருகே ஓர் இடம்: செவிலியர் பயிற்சியும் இடைத்தரகரும்

செவிலியர் கல்வியின் வரலாற்றை எழுதப் புகுவோர் கையில் விளக்கேந்திய ஒரு பெண்மணியின் சித்திரத்தோடு தொடங்குவது மரபு. நாம் அச்சித்திரத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அவர் பெயரால் அமைந்த பள்ளியின் கணக்கு வழக்கிலிருந்து தொடங்குவோம். இன்று அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர் பட்டத்துக்குப் படிக்கும் ஒரு மாணவி, தனக்குப் பயிற்சியிடம் தேடித் தரும் நிறுவனத்தை நம்பலாமா என்று தயங்கி நிற்கிறாள். அத்தயக்கத்தின் வேர் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

கிரிமியப் போரின் போது நாட்டு மக்கள் திரட்டிக் கொடுத்த ஏறத்தாழ 45,000 பவுண்டு நிதியைக் கொண்டு, 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. மருத்துவமனை வார்டுகளைத் தந்தது. நிதிக்குழு பணத்தைத் தந்தது. மாணவியரின் உணவு, உறைவிடச் செலவோடு, அவர்களுக்குக் கற்பிப்பதற்காக வார்டு சிஸ்டர்களுக்கும், விரிவுரை நிகழ்த்துவதற்காக மருத்துவமனையின் உறை மருத்துவ அதிகாரிக்கும் அந்நிதியிலிருந்தே ஊதியம் வழங்கப்பட்டது. ஒவ்வொரு மாணவியின் ஒழுக்கமும் தேர்ச்சியும் மாதந்தோறும் ஒரு படிவத்தில் பதியப்பட்டன. ஏட்டளவில் இதைவிடச் சீரான ஏற்பாடு இருக்க முடியாது.

ஆனால் 1870-களின் தொடக்கத்தில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பள்ளியின் நடப்பை நெருங்கிப் பார்த்தபோது வேறொரு காட்சி தென்பட்டது. விரிவுரை நிகழ்த்த வேண்டிய விட்ஃபீல்ட் என்னும் அதிகாரி அக்கடமையைக் கைவிட்டிருந்தார். மாணவியர் கற்பவர்களாக இன்றி வார்டுகளின் வேலையாட்களாகவே நடத்தப்பட்டனர். பணம் மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. விட்ஃபீல்ட் விலக நேர்ந்தது. ஜான் கிராஃப்ட் என்னும் அறுவை மருத்துவர் அவரிடத்துக்கு வந்தார். உலகப் புகழ் பெற்ற அப்பள்ளியின் முதற் பத்தாண்டுக் கதை இது. கற்பித்தலுக்கு விலை கொடுத்தாயிற்று என்பதாலேயே கற்பித்தல் நடந்துவிட்டதாகாது என்னும் பாடத்தை, பள்ளியை நிறுவியவரே இவ்வளவு தாமதமாகக் கற்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் கதை சற்று மாறுபட்டது. 1873-இல் நியூயார்க்கின் பெல்வியூ, நியூ ஹேவன், பாஸ்டன் ஆகிய இடங்களில் நைட்டிங்கேல் முறையைத் தழுவிய பள்ளிகள் தோன்றின. விரைவிலேயே மருத்துவமனைகள் ஓர் உண்மையைக் கண்டுகொண்டன: பள்ளி ஒன்றை நடத்தினால் சம்பளமின்றி வார்டுகளை நடத்தலாம். அந்நூற்றாண்டு முடிவதற்குள் பள்ளிகள் நூற்றுக்கணக்கில் பெருகின. மாணவியர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உழைத்தனர். சில மருத்துவமனைகள் மாணவியரைத் தனியார் வீடுகளுக்கு நோயாளியைக் கவனிக்க அனுப்பி, அதற்கான கட்டணத்தைத் தாமே பெற்றுக்கொண்டன. கல்வி என்ற பெயரில் நடந்தது கூலியற்ற உழைப்பே. 1923-இல் ஜோசஃபின் கோல்ட்மார்க்கின் பெயரால் அறியப்படும் அறிக்கை, மருத்துவமனையின் அன்றாடத் தேவைக்குக் கல்வி அடிமைப்பட்டிருப்பதை வெளிப்படையாகச் சொன்னது. அதே ஆண்டில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு யேல் பல்கலைக்கழகத்தில் செவிலியர் பள்ளி நிறுவப்பட்டது. 1948-இல் எஸ்தர் லூசில் பிரவுனின் அறிக்கை, செவிலியர் கல்வி உயர்கல்வி நிறுவனங்களைச் சேர வேண்டும் என்று மீண்டும் வலியுறுத்தியது.

இவ்வரலாற்றில் 1965 ஒரு திருப்புமுனை எனலாம். அவ்வாண்டில் மூன்று நிகழ்வுகள் ஒருங்கே நேர்ந்தன. கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினர். நோயைக் கண்டறிந்து, மருந்தெழுதி, நோயாளியைத் தம் பொறுப்பில் கவனிக்கும் செவிலியர் மரபு அங்கிருந்தே வளர்ந்தது. ஃபோர்ட் 104 வயது வரை வாழ்ந்து 2025 ஜனவரியில் மறைந்தார். அதே 1965-இல் அமெரிக்கச் செவிலியர் சங்கம், செவிலியர் கல்வி முழுவதும் உயர்கல்வி நிறுவனங்களில் நடைபெற வேண்டும் என்ற நிலைப்பாட்டை அறிவித்தது. மூன்றாவதாக, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேர் சட்டமானது. அம்மெடிக்கேர் நிதியிலிருந்துதான் இன்றளவும் இளம் மருத்துவர்களின் ரெசிடென்சிப் பயிற்சிக்கு மருத்துவமனைகள் பெருந்தொகை பெறுகின்றன. செவிலியர் பயிற்சிக்கும் உதவி உண்டு; ஆயின் அது மருத்துவமனைகளே நேரடியாக நடத்தும் பள்ளிகளுக்கானது. செவிலியர் கல்வியோ மருத்துவமனையை விட்டுப் பல்கலைக்கழகம் நோக்கி நடந்துகொண்டிருந்தது. அரசுப் பணம் பழைய வாசலிலேயே நின்றுவிட்டது.

இதன் விளைவை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். சுரண்டலிலிருந்து மாணவியை விடுவித்த அதே மாற்றம், நோயாளியின் அருகே அவளுக்கிருந்த இடத்தையும் பறித்தது. வகுப்பறை ஒருவர் கையில், படுக்கை இன்னொருவர் கையில் என்றாகிவிட்டது. இரண்டையும் இணைப்பவர் பிரிசெப்டர் எனப்படும் வழிகாட்டி. தம் கிளினிக்கில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே மாணவியை அருகில் வைத்துக் கற்பிப்பவர். பெரும்பாலும் ஊதியமின்றி, தொழில் மீதான பற்றினால் அதைச் செய்தவர். இணையவழிப் படிப்புகள் பெருகிய பின் மாணவியர் தொகை உயர்ந்தது. வழிகாட்டிகளின் தொகை அதற்கீடாக உயரவில்லை. 2022-இல் வெளியான தேசியத் தர விதிகள், நோயாளிகளை நேரடியாகக் கவனிக்கும் பயிற்சியின் குறைந்தபட்ச அளவை 500 மணி நேரத்திலிருந்து 750 மணி நேரமாக உயர்த்தின. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு இரண்டு நாள் என்று கொண்டால் ஏறக்குறைய 47 வாரங்கள். அந்நேரத்தை எங்கே நிறைவு செய்வது என்பதைப் பல கல்லூரிகள் மாணவியின் தேடலுக்கே விட்டுவிட்டன. கிளினிக் கிளினிக்காகத் தொலைபேசியில் அழைத்து மறுப்புகளைச் சேகரித்தவர்களின் களைப்பிலிருந்துதான் பயிற்சியிடம் தேடித் தரும் நிறுவனங்கள் பிறந்தன.

இந்நிறுவனங்கள் யாவும் ஏமாற்று வேலை என்று சொல்வது நியாயமாகாது. மாணவியிடம் கட்டணம் பெற்று, ஒரு பகுதியை வழிகாட்டிக்கு மதிப்பூதியமாக அளித்து, ஆவணங்களை ஒழுங்குபடுத்திக் கொடுத்து நேர்மையாக நடப்பவை உண்டு. ஆனால் ஒரு சுற்றுப் பயிற்சிக்கே ஆயிரக்கணக்கான டாலர் கேட்கப்படும் இடத்தில், வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று அதிகாரம் வகுத்த முறையைத்தான் நாமும் சொல்ல வேண்டியிருக்கிறது: ஆராய்ந்த பின்னரே நம்ப வேண்டும்.

எதை ஆராய்வது? வரலாறே கேள்விகளைத் தருகிறது. செயின்ட் தாமஸின் பாடம், பணம் வாங்குபவர் கற்பிக்கிறாரா என்பது. ஆகவே வழிகாட்டியின் பெயரையும் தகுதியையும் பணம் கட்டுமுன் அறிய வேண்டும். அவரது உரிமம் செல்லுபடியாகிறதா என்பதை மாநிலச் செவிலியர் வாரியத்தின் பொதுப் பதிவேட்டிலோ, அவர் மருத்துவராயின் மருத்துவ வாரியத்தின் பதிவேட்டிலோ எவரும் பார்க்கலாம். கல்லூரி அவரை ஏற்குமா, கல்லூரிக்கும் கிளினிக்குக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தாகுமா, அந்த மாநிலத்தில் பயிற்சி அளிக்கக் கல்லூரிக்கு அனுமதி உண்டா என்பவற்றை நிறுவனத்திடம் அல்ல, கல்லூரியிடமே கேட்க வேண்டும். பழைய அமெரிக்க மருத்துவமனைகளின் பாடம், மாணவியால் ஆதாயம் அடைபவர் யார் என்பது. ஆகவே கட்டணத்தில் வழிகாட்டிக்குப் போவது எவ்வளவு, வழிகாட்டி விலகினால் பணம் திரும்புமா அல்லது வெறும் மாற்றிட வாக்குறுதி மட்டுமா, குழந்தைகளைக் கவனிக்கப் படிப்பவளை முதியோர் இல்லத்துக்கு அனுப்பிக் கணக்கை முடிப்பார்களா என்பனவெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். பயிற்சி நேரத்தில் கையொப்பமிடுபவர் அந்நேரத்தில் உடனிருந்தவராகவே இருக்க வேண்டும் என்பது எவ்விலைக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாதது.

இது வெறும் எச்சரிக்கை அன்று. 2023 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை ஃபுளோரிடாவில் இருபத்தைந்து பேர் மீது வழக்குத் தொடர்ந்தது. மூன்று செவிலியர் பள்ளிகளின் பெயரில், படிக்காத படிப்புக்கும் பெறாத பயிற்சிக்கும் 7,600-க்கு மேற்பட்ட போலிச் சான்றுகள் விற்கப்பட்டிருந்தன. அவ்விசாரணைக்கு இட்ட பெயர் 'ஆபரேஷன் நைட்டிங்கேல்'. மாதந்தோறும் படிவம் நிரப்பச் சொன்ன அம்மையாரின் பெயர், நிரப்பப்பட்ட போலிப் படிவங்களைத் தேடும் வேட்டைக்குச் சூட்டப்பட்டது.

ஆயினும் ஆராயும் பாரம் முழுவதையும் மாணவியின் தோளில் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. மாற்று வழி சோதித்துப் பார்க்கப்படாமலும் இல்லை. 2010-ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டம் ஐந்து மருத்துவமனைகளுக்குச் செவிலியர் மேற்படிப்புப் பயிற்சிக்கென 200 மில்லியன் டாலர் வரை ஒதுக்கியது. 2012-இல் தொடங்கிய அத்திட்டம் நிலையானதாக ஆக்கப்படாமலேயே முடிந்தது. ஜார்ஜியா மாநிலம் 2014-இல் மருத்துவ வழிகாட்டிகளுக்கு வரிச்சலுகை அளித்து, 2019-இல் அதை நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கும் விரிவாக்கியது. வேறு சில மாநிலங்களும் அவ்வழியில் சென்றன. சிறிய தொகைகள்தாம்; ஆனால் கற்பிப்பவருக்குச் சமூகம் கடன்பட்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொண்ட தொகைகள்.

இன்று அந்நாட்டில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நர்ஸ் பிராக்டிஷனர்கள் உள்ளனர். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அவர்கள் மருத்துவரின் மேற்பார்வையின்றியே நோயாளிகளைப் பார்க்கின்றனர். மருத்துவமே எட்டாத சிற்றூர்களில் நள்ளிரவு இருமலோடு வரும் குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைப்பவர் அவராகவே இருக்கலாம். அந்த ஓசையில் எதைக் கேட்க வேண்டும் என்று அவருக்கு ஒருவர் அருகில் நின்று சொல்லிக் கொடுத்தாரா என்பதே கேள்வி. அக்கேள்விக்கான விலையை 1860-இல் மக்கள் கூடிக் கொடுத்தார்கள். இன்று அதை மாணவி தனியே கொடுக்கிறாள்.