‘சும்மா இருக்கிறார்’ என்ற கணக்கு

‘வேலைக்குப் போகவில்லை, வீட்டில் சும்மாதான் இருக்கிறார்’ என்று பெண்களைப் பற்றி நாம் சொல்வது பேச்சு வழக்கோடு நிற்கவில்லை. அரசு ஏட்டிலும் ஏறியிருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர் ‘வேலை செய்யாதோர்’ பிரிவில் வருகிறார். பிச்சையெடுப்பவரும் அதே பிரிவுதான். விபத்தில் இறந்த இல்லத்தரசி ஒருவருக்கான இழப்பீட்டு வழக்கில், 2010-இல், உச்ச நீதிமன்றம் இந்த வகைப்பாட்டைக் கண்டித்தது. மகளிரியல் மாணவருக்குக் கிடைக்கும் முதற்பயன், இத்தகைய பிரிவைக் கண்டதும் அதை வகுத்தவர் யார், என்ன கேட்டு வகுத்தார் என்று தேடும் பழக்கமே என்பேன்.

கேள்வி மாறினால் விடை மாறும். சொந்த வயலில் களையெடுத்து, மாட்டுக்குத் தீவனம் வைத்து, நெல்லைக் காயப்போட்டு அள்ளும் பெண்ணிடம் ‘வேலைக்குப் போகிறீர்களா?’ என்றால் ‘இல்லை’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை, கேள்விதான் அவரை விட்டுவிட்டது. 1991 கணக்கெடுப்பில், குடும்ப நிலத்திலும் தொழிலிலும் கூலியின்றிச் செய்வதும் வேலையே என்ற விளக்கம் கேள்வியிலேயே சேர்ந்தது. 2019-இன் நேரப் பயன்பாட்டு ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது: சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடும் நேரம் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம், ஈடுபடும் ஆண்களுக்கு 97. சமையலுக்கும் துவைப்பதற்கும் இங்கே கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

மகளிரியல் மேலைநாட்டு இறக்குமதி என்பாருண்டு. ஆனால் இந்தியாவில் இத்துறைக்கு வித்திட்டது, 1971-இல் நடுவண் அரசே அமைத்த குழு. ஆயிரம் ஆண்களுக்கு 1901-இல் 972 ஆக இருந்த பெண்கள் 1971-இல் 930 ஆகக் குறைந்திருந்ததை 1974-இல் வந்த அதன் அறிக்கை முன்வைத்தது. அரசின் சொந்த எண்களே அதற்குச் சான்று. மகளிரியல் வெறும் முழக்கமாகச் சுருங்கிப்போன வகுப்பறைகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. அது கற்பிக்கும் முறையின் குறை. களஆய்வுக்கு அனுப்பினால் தீரும். ‘படித்தால் வேலை கிடைக்குமா?’ என்ற கேள்வி நியாயமானது. இதற்கென்றே தனிப் பணியிடங்கள் குறைவுதான். ஆனால் 2023-இல் தமிழ்நாட்டில் மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் தொடங்கியது. அத்தகைய திட்டத்தின் தகுதி விதியை எழுதுபவருக்கும், வீடுவீடாகப் படிவம் நிரப்புபவருக்கும், இழப்பீட்டைக் கணக்கிடும் வழக்கறிஞருக்கும் பிரிவுகளைக் கேள்வி கேட்கும் இந்தப் பயிற்சி வேண்டும். அவர்களில் ஆண்களும் இருப்பார்கள். ஆகவே கல்லூரிகள் இதை மகளிரியல் துறைக்குள் மட்டும் பூட்டிவைக்காமல், பொருளியல், புள்ளியியல், சட்டம் பயிலும் எல்லா மாணவர்களுக்கும் ஒரு பருவப் பாடமாகவேனும் வைக்க வேண்டும்.