கிளிமஞ்சாரோவின் கோப்பியும் கூட்டுறவும்

கோப்பிப் பழம் பறித்த அன்றே கெடத் தொடங்கும். ஏழை உழவனின் துயரிற் பாதி இதனுள் அடங்கியுள்ளது. பழத்தைப் பழமாகவே விற்பவன் பொழுது சாய்வதற்குள் விற்றாக வேண்டும். விலை சொல்பவன் வணிகனே. தோல் நீக்கி, புளிக்கவைத்து, கழுவி, வெயிலில் உலர்த்திய கொட்டையோ மாதக்கணக்கிற் கெடாதிருக்கும். மதிப்புக் கூட்டல் என்று பொருளியலார் கூறுவதை நாம் முதலில் இவ்வாறே விளங்கிக்கொள்ளல் வேண்டும்: உழவனுக்குக் காத்திருக்கும் வலிமை பிறக்கின்றது.

கிழக்காபிரிக்காவின் கிளிமஞ்சாரோ மலைச்சாரலிலே சக்கா மக்கள் வாழைமர நிழலில் அரபிக்காக் கோப்பியைப் பயிரிட்டனர். அண்டை நாடான கெனியாவில் ஆபிரிக்கர் அப்பயிரை வளர்ப்பது நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்தது. தங்கானிக்காவிலும் வெள்ளைத் தோட்டக்காரர் இதனை விரும்பவில்லை. (போட்டியைப் போற்றுவோர் போட்டியாளனைப் போற்றுவதில்லை போலும்!) எனினும் 1925 இல் சக்கா மக்கள் தமக்கெனக் கோப்பி உற்பத்தியாளர் சங்கம் ஒன்றை நிறுவினர். யோசப் மெரின்யோ அதன் தலைவரானார். பயிர்நோய்களை எதிர்த்தலும், விளைச்சலை ஒன்றாக விற்றலும் அதன் பணிகள்.

ஒன்றாக விற்றல் எளிதன்று. ஒருவன் ஓரிரு மூடைகளையே கொணர்வான். அவற்றிற்குத் தரமும் இல்லை, பெயரும் இல்லை. பலருடைய கொட்டைகளைத் தரம் பிரித்துச் சேர்த்தபோதே, மலைக்கோப்பி தனிச்சரக்காயிற்று. ஆயின், அளவுக்கு மிஞ்சிப் புளித்த ஒரு கூடை முழுக்குவியலின் சுவையையும் கெடுத்துவிடும். ஆகவே அயலவன் கழுவும் முறையும் நம் கவலையாகின்றது.

1932 இல் வந்த கூட்டுறவுச் சட்டத்தின்கீழ், 1933 இல் அச்சங்கத்தினிடத்தில் கிளிமஞ்சாரோ சுதேசக் கூட்டுறவு ஒன்றியம் அமைந்தது. அதன் முகாமையாளராக அமர்ந்தவர் ஓர் ஆங்கிலேயர். உழவர் தம் கோப்பியை இவ்வொன்றியத்தின் வழியாகவே விற்றல் வேண்டும் என்னும் கட்டாயமும் வந்தது. காத்திருக்கும் வலிமையைத் தந்த அமைப்பே, வேறிடம் செல்லும் உரிமையைப் பறித்தது. விலை வீழ்ந்தது, கணக்கோ உழவன் கையில் இல்லை. 1937 இல் மக்கள் கொதித்தெழுந்து சங்கக் கட்டிடங்களைத் தாக்கினர்.

அவர்கள் கூட்டுறவின் பகைவரல்லர். தமது பெயரால் நடந்த காரியத்தில் தமக்குச் சொல்லில்லை என்பதே அவர்தம் குறை.

விடுதலைக்குப் பின்னும் அக்குறை முற்றாகத் தீரவில்லை. 1976 இல் தன்சானிய அரசு நாட்டின் கூட்டுறவு ஒன்றியங்களைக் கலைத்தது. 1982 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அவற்றுக்கு மறுவாழ்வு கிடைத்தது.