டாக்டர் ரோஜேவின் சொல் நோட்டு

ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதி முடித்துப் பார்த்தால் ‘வெரி’ நாலு இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஒன்றை எடுத்துவிட்டு ‘எக்ஸ்ட்ரீம்லி’ போடலாமா, ‘டெரிப்ளி’ போடலாமா என்று தெசாரஸைப் புரட்டுவோம். இதற்காகவே பிறந்த புத்தகம் அது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதை எழுதிய பீட்டர் மார்க் ரோஜே மொழி வாத்தியார் அல்ல, டாக்டர். மாற்றுச் சொல் பொறுக்குவது அவருடைய கவலையாகவும் இருக்கவில்லை.

1779-ல் லண்டனில் பிறந்தவர். ஜெனீவாவிலிருந்து வந்த பாதிரியாரான அப்பா, மகனுக்கு நாலு வயதாகும்போது காசநோயில் இறந்துபோனார். 19 வயதில் எடின்பரோவில் மருத்துவப் பட்டம் கிடைத்தது. 1802-ல் மான்செஸ்டர் பருத்தி முதலாளி ஒருவரின் இரண்டு மகன்களுக்கு ஆசிரியராகி ஐரோப்பாவைச் சுற்றிக்காட்டக் கிளம்பினார். மறு ஆண்டு போர் மூண்டது. அகப்பட்ட ஆங்கிலேயரையெல்லாம் பிடித்துவைக்க நெப்போலியன் உத்தரவிட்டபோது மூவரும் ஜெனீவாவில் இருந்தார்கள். ‘இது என் அப்பாவின் ஊர், நானும் இந்த ஊர்க்காரன்தான்’ என்று அதிகாரிகளிடம் நிரூபித்து, பையன்களையும் கூட்டிக்கொண்டு தப்பி வந்தார்.

அதன் பிறகு மான்செஸ்டரில் மருத்துவமனை வேலை. கட்டுரை எழுதும்போது நினைப்பு இருக்கிறது, சொல் வரவில்லை என்ற தவிப்பு அவருக்கும் இருந்திருக்க வேண்டும். 1805-ல் சொற்களைப் பொருள்வாரியாகப் பிரித்து ஒரு சிறிய பட்டியல் எழுதி முடித்தார். தன் உபயோகத்துக்கு மட்டும். குறைபாடுள்ளதுதான், ஆனாலும் எழுதும்போது ரொம்பக் கைகொடுத்தது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த நோட்டு அச்சேற நாற்பத்தேழு ஆண்டுகள் ஆயின. இடையில் அவர் சும்மா இல்லை. அடுக்குகளையும் மூலங்களையும் கணக்கிட உதவும் ஸ்லைடு ரூல் ஒன்றை வடிவமைத்தார். செங்குத்தான இடுக்குகள் வழியே பார்த்தால் ஓடும் சக்கரத்தின் ஆரக்கால்கள் ஏன் வளைந்து தெரிகின்றன என்று 1824-ல் ஒரு கட்டுரை எழுதினார். சினிமாவின் முன்கதையை எழுதுகிறவர்கள் இன்றும் அதைக் குறிப்பிடுகிறார்கள். ராயல் சொசைட்டியின் செயலாளராக இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்து 1848-ல் விலகினார். எழுபதை நெருங்கும் வயதில்தான் பழைய நோட்டை மறுபடி கையில் எடுத்தார். மூன்று நான்கு ஆண்டுகள் ஓயாத வேலை. 1852-ல் லாங்மன் நிறுவனம் வெளியிட்டது.

செடிகொடிகளையும் விலங்குகளையும் இயற்கை நூலார் வகுப்பு, குடும்பம் என்று பிரிப்பதுபோல ரோஜே சொற்களைப் பிரித்தார். ஆறு பெரும் வகுப்புகள், ஆயிரம் தலைப்புகள். எதிரெதிரான கருத்துகளைப் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் அச்சிட்டார். 31-ஆம் தலைப்பு பெருமை, அதாவது அளவில் மிகுதி. அதற்கு எதிரே 32, சிறுமை. நம் ‘வெரி’ குடியிருப்பது 31-இல். அந்த மிகுதிச் சொற்களும் ஒரே குவியலாக இல்லை. சாதாரண மிகுதி, முழுமையான மிகுதி, கண்ணில் படுகிற மிகுதி, வழக்கத்தை மீறிய மிகுதி என்று படிகள் உண்டு. வேதனை தருகிற மிகுதிக்கென்றே தனி வரிசை: ‘டெரிப்ளி’, ‘ஹாரிப்ளி’, ‘ட்ரெட்ஃபுலி’ எல்லாம் அங்கே. ஆங்கிலேயன் மிகுதியைச் சொல்லப் பயத்தையும் வலியையும் கடன் வாங்கியிருக்கிறான் என்பது அந்த வரிசையைப் பார்த்தாலே புரிந்துவிடும். ‘படம் பயங்கரமா நல்லாயிருக்கு’ என்கிற நாம் இதற்குச் சிரிக்க முடியாது.

சொற்களுக்கு அவர் விளக்கம் எழுதவில்லை. ஒன்றுபோலத் தெரியும் சொற்களுக்கு நடுவே உள்ள நுட்ப வேறுபாடு தனி ஆராய்ச்சி, அதற்குள் நான் போகவில்லை என்று முன்னுரையிலேயே ஒதுங்கிக்கொண்டார். ஏற்கெனவே தெரிந்த சொல்லை ஞாபகப்படுத்தத்தான் புத்தகம். தெரியாத சொல்லைக் கற்றுக்கொள்ள அல்ல. அகராதி பார்க்காமல் தெசாரஸிலிருந்து மட்டும் சொல் எடுத்து எழுதப்படும் ஆங்கிலம் விநோதமாக ஒலிப்பதற்குப் பழி ரோஜேமேல் இல்லை.

தனக்கு முன் இந்த வழியில் போனவர்களைச் சொல்லும்போது அவர் முதலில் நிறுத்துவது சம்ஸ்கிருத நிகண்டான அமரகோசத்தை. கோல்புரூக்கின் ஆங்கில மொழிபெயர்ப்போடு அது 1808-ல் செராம்பூரில் அச்சாகியிருந்தது. அதன் பகுப்பு அவருக்குத் திருப்தி தரவில்லை என்பது வேறு விஷயம். தெய்வப் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் என்று தொகுதி பிரித்த நம் திவாகர நிகண்டு அவர் தந்த பட்டியலில் இல்லை, பிங்கலமும் இல்லை. ஆனால் நிகண்டுக்கும் ரோஜேவுக்கும் முக்கியமான வேறுபாடு பகுப்பில் இல்லை, பயன்படுத்திய விதத்தில் இருக்கிறது. திண்ணைப் பள்ளிப் பையன் சூடாமணி நிகண்டைப் பாட்டாக மனப்பாடம் செய்தான். சொல் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. ஆயிரம் தலைப்புகளை எந்த ஆங்கிலேயனும் உருப்போடப் போவதில்லை. அதனால் ரோஜே கடைசியில் அகரவரிசையில் ஒரு சொல்லடைவு சேர்த்தார்.

அவருடைய வகைப்பாட்டைப் பின்னுக்குத் தள்ளியது அந்தச் சொல்லடைவுதான். வாசகர்கள் புத்தகத்தைப் பின்பக்கத்திலிருந்து திறந்தார்கள். ஆறு வகுப்புகளைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. எண்ணைப் பார்த்தார்கள், பக்கத்தைப் புரட்டினார்கள், சொல்லை எடுத்துக்கொண்டு போனார்கள். 1913-ல் நியூயார்க் பத்திரிகையொன்றில் தொடங்கிய குறுக்கெழுத்துப் புதிர் 1920-களில் பைத்தியமாகப் பரவியபோது தெசாரஸும் கூடவே விற்றது.

ரோஜே 1869-ல் தொண்ணூறு வயதில் இறக்கும்வரை புத்தகத்தைத் திருத்திக்கொண்டே இருந்தார். அவர் விட்டுப்போன பிரதியின் ஓரங்களிலும் இடைவெளிகளிலும் புதிய சொற்கள் நெருக்கியடித்து எழுதப்பட்டிருந்தன. 1879 பதிப்பைக் கொண்டுவந்த மகன் ஜான் லூயிஸுக்கு அவற்றை எந்தத் தலைப்பில் வைப்பது என்பதே பெரும்பாடு. ஒரே சொல் பல தலைப்புகளுக்கு உரிமை கொண்டாடியது. எல்லா இடத்திலும் திருப்பி அச்சிட்டால் புத்தகம் தாங்காது. ஆகவே ‘இதற்கு அந்த எண்ணைக் காண்க’ என்று தலைப்புகளுக்குள் வழிகாட்டி எண்கள் போட்டார். சொல்லடைவையும் அப்பா வைத்ததைவிடப் பல மடங்கு பெருக்கினார்.