பந்தும் தாயகமும்: ரஷீத் மக்லூஃபி

புகழின் உச்சியில் நிற்பவர் அதைத் தம் கையாலேயே இறக்கி வைத்துவிட்டு நடப்பது அரிது. அல்ஜீரியாவின் கால்பந்து வீரர் ரஷீத் மக்லூஃபி அந்த அரியவர்களுள் ஒருவர்.

1936 ஆகஸ்ட் 12 ஆம் நாள் ஸெத்தீஃப் நகரில் அவர் பிறந்தார். அப்போது அல்ஜீரியா பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. 1945 மே 8 இல், உலகப் போர் முடிந்த மகிழ்ச்சியை ஐரோப்பா கொண்டாடிய அதே நாளில், ஸெத்தீஃபில் விடுதலை கேட்டு ஊர்வலம் சென்ற மக்கள்மீது துப்பாக்கிகள் வெடித்தன. அதையடுத்த வாரங்களில் அவ்வட்டாரத்தில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அன்று மக்லூஃபிக்கு எட்டு வயது.

1954 இல் பிரான்சின் சேந்த் எத்தியென் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாளில்தான் தேசிய விடுதலை முன்னணி ஆயுதப் போரைத் தொடங்கியது. தாய்நாடு குருதி சிந்த, முன்னணி ஆட்டக்காரரான அவர் பிரெஞ்சு மைதானங்களில் கோல் அடித்துக்கொண்டிருந்தார். 1957 இல் அவருடைய கழகம் பிரெஞ்சு வாகையர் பட்டம் வென்றது. பிரான்சின் தேசிய அணியும் அவரை ஏற்றுக்கொண்டது. 1958 இல் ஸ்வீடனில் நடக்கவிருந்த உலகக் கோப்பைப் போட்டிக்கும் அவர் செல்வார் என்று எதிர்பார்க்கப்பட்டது.

அப்போதுதான் விடுதலை முன்னணியின் அழைப்பு வந்தது. 1958 ஏப்ரலில், மொனாக்கோ கழகத்தின் முஸ்தஃபா ஸைத்தூனி முதலிய வீரர்கள் சிலரோடு அவரும் இரகசியமாகப் பிரான்சைவிட்டு வெளியேறித் துனிஸ் நகரை அடைந்தார். பிரெஞ்சுப் படையில் கட்டாயச் சேவையில் இருந்த அவருக்கு இது படையைவிட்டு ஓடிய குற்றமுமாகும். வருவாய், புகழ், உலகக் கோப்பைக் கனவு ஆகிய மூன்றையும் இருபத்தொரு வயதில் அவர் துறந்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

அங்கே உருவான அணியை உலகக் கால்பந்துச் சம்மேளனம் ஏற்க மறுத்தது. ஆயினும் அவ்வணி அரபு நாடுகள், கிழக்கு ஐரோப்பா, சீனம், வியட்நாம் எனச் சுற்றி ஆடியது. நாடு விடுதலை பெறுமுன்பே அதன் கொடியையும் தேசிய கீதத்தையும் அயல்நாட்டு மைதானங்களுக்குக் கொண்டு சென்றது. துப்பாக்கி ஏந்தாத இத்தூதர்கள், அல்ஜீரியர் தனியொரு சமுதாயத்தினர் என்பதை உலகுக்கு உணர்த்தினர்.

1962 ஜூலையில் விடுதலை மலர்ந்தது. மக்லூஃபி சேந்த் எத்தியெனுக்கே திரும்பினார். கழகம் அப்போது இரண்டாம் பிரிவுக்கு இறங்கியிருந்தது. அவரை அவ்வூர் மக்கள் மீண்டும் ஏற்றுக்கொண்டனர். 1964, 1967, 1968 ஆகிய ஆண்டுகளில் கழகம் வாகையர் பட்டம் சூடியது. 1968 மே மாதம் பிரெஞ்சுக் கோப்பை இறுதியாட்டத்தில் கழகத்தின் இரு கோல்களையும் அவரே அடித்தார். குடியரசுத் தலைவர் தெ கோல் முன்னிலையில் அக்கோப்பை வழங்கப்பட்டது. ஒரு காலத்தில் ஓடிப்போனவர் எனப்பட்டவரைப் பிரான்சே பாராட்டிய காட்சி அது!

பின்னர் பயிற்சியாளராகவும் தாயகத்துக்கு அவர் தொண்டாற்றினார். 1975 இல் அல்ஜியர்ஸில் நடந்த மத்தியதரைக்கடல் விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் அவருடைய அணி பிரான்சை வென்றது. 1982 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியை 2-1 என்று வீழ்த்தி உலகை வியக்கவைத்த அணிக்கும் அவர் மஹ்யித்தீன் காலிஃபுடன் சேர்ந்து பயிற்சி அளித்தார்.

2024 நவம்பர் 8 இல், தம் 88 ஆம் வயதில் அவர் மறைந்தார். அநீதியான ஆட்சியை அவர் எதிர்த்தார். அந்நாட்டு மக்களை வெறுக்கவில்லை. உரிமைக்காக எழுவோர் பகைமையைச் சுமந்தேயாக வேண்டும் என்பதில்லை. நம் இளைஞர்கள் அவரிடம் பயில வேண்டிய பாடம் இதுவே. அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, எல்லாம் வல்ல அல்லாஹ் நற்பதவி அருள்வானாக!