மூன்றாவது குதிரை

இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நூலை ஓதுவோர்க்கு விரைந்து கடந்துபோகத் தோன்றும் அத்தியாயம் ஒன்று உண்டு. குதிரை, ஒட்டகப் பந்தயங்களையும் அம்பெய்தற் போட்டியையும் பற்றிய அத்தியாயம் அது. போர்க்குதிரையும் வில்லும் வழக்கொழிந்த காலத்தில் இது எதற்கு என்ற எண்ணம் இயல்பாகவே எழும். ஆனால், அவ்வத்தியாயம் உண்மையில் ஆராய்வது குதிரையை அன்று. ஒருவரோடொருவர் ஆடும் நண்பர்கள் தமக்குள் பணயம் வைத்துக்கொள்ளலாமா, வைத்தால் அது எப்போது பரிசு, எப்போது சூது என்பதே அதன் வினா. அவ்வினாவுக்கு வயது ஏறவில்லை.

அமெரிக்காவில் 'டிஸ்க் கோல்ஃப்' என்றோர் ஆட்டம் பரவியிருக்கிறது. பந்துக்குப் பதில் தட்டையான பிளாஸ்டிக் வட்டு; குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் கூடை. எட் ஹெட்ரிக் என்பவர் 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் அமைத்த திடலே இதன் முன்னோடி. பெருஞ்செல்வர் ஆட்டமன்று இது. பொதுப் பூங்காவில், பெரும்பாலும் கட்டணமின்றி, வார இறுதியில் நண்பர்கள் கூடி ஆடுவது. ஆட்டத்தைவிட நம் கவனத்தை ஈர்ப்பது ஆட்டக்காரர்கள் தமக்குள் வைத்துக்கொள்ளும் சில்லறைப் பந்தயங்கள். ஆளுக்கு ஓரிரு டாலரைப் பொதுவில் இடுவார்கள். ஒரே வீச்சில் வட்டைக் கூடையில் சேர்ப்பவர் அத்தனையையும் எடுத்துக்கொள்வார். எவர்க்கும் அது வாய்க்காவிடில் பணம் அடுத்த வாரத்துக்குப் போய்ச் சேர்ந்து பெருகும். வேறு சிலர் ஒவ்வொரு கூடைக்கும் ஒரு விலை வைப்பர். சமனாக முடிந்தால் அவ்விலை அடுத்த கூடையோடு சேரும். கூடைக்கு மிக அருகில் வட்டை விழச் செய்தவர்க்கென்று தனிப் பணயமும் உண்டு. இவற்றுக்கு எழுதிய விதி எதுவும் தேவைப்படுவதில்லை, வழக்கமே விதி.

நம்மூர்த் திடல்களில் பிள்ளைகள் ஆடும் 'பெட் மேட்ச்' இதன் உடன்பிறப்பே. இரு அணியினரும் காசு போட்டு, வென்ற அணி அள்ளிச்செல்லும். கேட்டால் சொல்லப்படும் நியாயங்களும் ஒன்றே: தொகை சிறிது, எல்லாரும் மனமொப்பித் தந்தது, வெல்வது திறமை, குருட்டதிர்ஷ்டம் அன்று. சில இடங்களில் நான்காவது நியாயமும் சேரும்: ஒரு பகுதி நற்காரியத்துக்குப் போகிறது.

இந்த நான்காம் நியாயத்திலிருந்தே வரலாற்றைத் தொடங்க வேண்டும். ஏனெனில், அறியாமைக் கால அரபிகளின் 'மைசிர்' ஏறக்குறைய முழுவதுமே நற்காரியமாக இருந்தது. ஹிஜ்ரி 276இல் (கி.பி. 889) மறைந்த இப்னு குதைபா இதற்கென்றே 'அல்மைசிர் வல்கிதாஹ்' என்னும் தனி நூல் எழுதினார். ஒட்டகம் ஒன்றைக் கடனாக வாங்கி அறுத்துப் பங்கிடுவர். பத்துப் பங்கு என்பது பரவலான கருத்து. மொழியறிஞர் அஸ்மஈ இருபத்தெட்டு என்றார். அம்புகள் பத்து. அவற்றுள் ஏழுக்குப் பங்குண்டு: 'ஃபத்'துக்கு ஒன்று, 'தவ்அம்'முக்கு இரண்டு என்று ஏறி 'முஅல்லா'வுக்கு ஏழு. எஞ்சிய மூன்றும் வெற்றம்புகள். கையில் துணி சுற்றிய ஒருவன் பைக்குள்ளிருந்து அம்புகளை உருவுவான். தடவிப் பார்த்து இனங்காண இயலாதபடி அந்த ஏற்பாடு. அவனைக் கண்காணிக்க மற்றொருவன். வென்றோர் தத்தம் பங்கை எடுப்பர்; தோற்றோர் ஒட்டகத்தின் விலையைக் கட்டுவர்.

ஆனால், வென்றவர் இறைச்சியைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. கடுங்குளிரில், பஞ்சத்தில், கூடாரத்தைச் சுற்றி நிற்கும் ஏழைகளுக்கே அது போகும். அதனால்தான் அந்நாளைய கவிஞர்கள் மைசிர் ஆடியதைப் பெருமையாகப் பாடினர். ஆட மறுப்பவனுக்குப் 'பரம்' என்று பெயர். கஞ்சன் என்னும் இழிசொல் அது. திருக்குர்ஆனின் 2:219ஆம் வசனம் மது, சூது இரண்டிலும் மனிதர்க்குச் சில பயன்களும் உண்டு என ஒப்புக்கொண்டு, அவற்றின் பாவம் பயனினும் பெரிது என்று கூறுவதை இந்தப் பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும். ஏழையின் வயிற்றுக்குச் சென்ற இறைச்சியை இறைவன் மறைக்கவில்லை, இருந்தும் தடுத்தான். நற்காரியத்தைக் காட்டிச் சூதை நியாயப்படுத்தும் வாதம் அன்றே அடைபட்டுவிட்டது என்பது நம் கருத்து.

தொகை சிறிது என்ற முதல் நியாயத்துக்கு அரபிகளின் சொந்த நினைவிலேயே விடை இருந்தது. அப்ஸ், துப்யான் இரண்டும் கத்ஃபான் குலத்தின் கிளைகள், உறவினர்கள். அப்ஸின் தலைவர் கைஸ் பின் ஸுஹைருக்கும் துப்யானைச் சேர்ந்த ஹுதைஃபா பின் பத்ருக்கும் இடையே குதிரைப் பந்தயம் ஒன்று ஏற்பட்டது. குதிரைகளின் பெயர் தாஹிஸ், கப்ரா. அறிவிப்புகள் பலவாறாக உள்ளன. சிலவற்றில் பணயம் படிப்படியாக உயர்ந்து நூறு ஒட்டகங்களை எட்டுகிறது. முந்தி வந்த தாஹிஸை வழியில் ஒளிந்திருந்தோர் மறித்துத் திருப்பிவிட்டனர். ஏமாற்று, மறுப்பு, கொலை, பழிக்குப் பழி. நாற்பதாண்டு நீடித்தது என்று மரபு கூறும் போர் அதிலிருந்து மூண்டது. சமாதானம் செய்துவைத்த ஹரிம் பின் ஸினானையும் ஹாரிஸ் பின் அவ்ஃபையும் புகழ்ந்தே ஸுஹைர் தம் முஅல்லகாவை இயற்றினார். மது, சூது வாயிலாக ஷைத்தான் உங்களிடையே பகைமையை மூட்ட விரும்புகிறான் என்னும் கருத்தமைந்த 5:91ஆம் வசனம் இறங்கியபோது, கேட்டவர்களுக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

'வா, சூதாடுவோம்' என்று தோழனை அழைத்தவர், ஆடாவிட்டாலும், பரிகாரமாகத் தர்மம் செய்யட்டும் என்ற கருத்தில் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் நபிமொழி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. வாய்ச்சொல்லுக்கே பரிகாரம் எனில், தொகையின் அளவு பற்றிய பேச்சுக்கு அங்கே இடமேது?

ஆயினும், போட்டியையோ பரிசையோ இஸ்லாம் ஒழித்துவிடவில்லை. நபி (ஸல்) அவர்கள் பயிற்சியளிக்கப்பட்ட குதிரைகளை ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரையும், ஏனையவற்றை அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையும் ஓடவிட்டார்கள். முதல் தொலைவு ஐந்தாறு மைல், இரண்டாவது ஒரு மைல். இதை அறிவிக்கும் இப்னு உமர் (ரலி) அவர்களே அதில் குதிரையோட்டியவர். ஒட்டகம், குதிரை, அம்பு இம்மூன்றிலன்றிப் பந்தயப் பொருள் இல்லை என்ற கருத்துள்ள நபிமொழி அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ தொகுப்புகளில் வருகிறது. அதிலுள்ள சொல்லை 'ஸபக்' என்று படித்தால் பணயம். 'ஸப்க்' என்று படித்தால் ஓட்டம். ஒரு குறில் ஒலியில் சட்டமே மாறிவிடும். முதல் பாடமே சரி என்றார் கத்தாபீ. ஆகவே, வெறும் போட்டி எதிலும் நடக்கலாம். பொருள் வைத்த போட்டிக்கே இந்த வரம்பு.

இந்த நபிமொழியைச் சுற்றி ஹதீஸ் கலையினர் மறவாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. அப்பாஸியக் கலீஃபா மஹ்தீ (ஆட்சி 775–785) புறாக்களில் பிரியமுள்ளவர். அவரிடம் வந்த கியாஸ் பின் இப்ராஹீம் இதே நபிமொழியை ஓதி, அம்மூன்றோடு 'சிறகு' என்ற நான்காவதையும் சேர்த்துவிட்டார். கலீஃபா பத்தாயிரம் திர்ஹம் தந்து அனுப்பினார். அவர் திரும்பி நடக்கையில், அது நபியின் மீது பொய்யுரைப்பவனின் பிடரி எனச் சான்று பகர்ந்து, இப்பொய்க்குக் காரணமானவை என்று புறாக்களை அறுக்க ஆணையிட்டார். இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸுக்கு எடுத்துக்காட்டாகவே இது கற்பிக்கப்படுகிறது. நமக்கோ இதில் வேறொன்றும் தெரிகிறது. தமக்குப் பிரியமான ஆட்டத்தையும் அந்த வரம்புக்குள் எப்படியாவது கொண்டுவந்துவிட வேண்டும் என்ற ஆசை அவ்வளவு பழையது. (பொய்யனுக்குப் பணமும் குற்றமறியாத பறவைகளுக்குக் கத்தியும் கிடைத்தது வேறு கதை.)

இத்துறையை முறைப்படுத்தியவர் இமாம் ஷாஃபிஈ (ரஹ்); இதில் அவர்களுக்கு முன்னோடி எவருமில்லை என்பது ஷாஃபிஈ நூல்களில் நெடுநாளாக வரும் கூற்று. அவர்களே வில்லாளி; பத்தெய்தால் பத்தும் தைக்கும் என்பது அவர்களைப் பற்றிய அறிவிப்பு. ஏட்டளவில் எழுதிய சட்டமன்று இது. இலக்கின் தொலைவு, அளவு, எய்யும் அம்புகளின் தொகை, தைக்க வேண்டிய எண்ணிக்கை எல்லாம் முன்னரே பேசி முடிக்கப்பட வேண்டும். குறித்த எண்ணை முதலில் எட்டுவதற்கு 'முபாதரா' என்று பெயர். இருவர் எய்தவற்றில் சமமானதைக் கழித்து மிகுதியைக் கணக்கிடுவது 'முஹாத்தா'.

பொருளை யார் தருவது? ஆட்சியாளரோ மூன்றாமவரோ தந்தால் தடையில்லை. ஆடுவோருள் ஒருவர் மட்டும் தந்து, 'நீ வென்றால் உனக்கு. நான் வென்றால் உன்னிடமிருந்து எனக்கு எதுவும் வேண்டாம்' என்றாலும் கூடும். இருவருமே வைத்து, வென்றவர் இரண்டையும் எடுப்பதென்றால்தான் சிக்கல். ஒவ்வொருவரும் பெறுவதற்கும் இழப்பதற்கும் நடுவில் நிற்கும் அந்த நிலைதான் 'கிமார்', அதாவது சூது. அதை ஆகுமாக்க மூன்றாவது குதிரை ஒன்று வர வேண்டும். அதை ஓட்டுபவர் 'முஹல்லில்', ஆகுமாக்குபவர். அவர் எதுவும் வைப்பதில்லை. வென்றால் இரு பணயமும் அவர்க்கு, தோற்றால் இழப்பில்லை. ஒரே நிபந்தனை: அவர் குதிரை மற்ற இரண்டுக்கும் நிகராக, உண்மையிலேயே வெல்லக்கூடியதாக இருக்க வேண்டும். நொண்டிக் குதிரையைப் பெயருக்கு நிறுத்தினால் அது சூதே. அபூதாவூதில் வரும் ஒரு நபிமொழி இதற்கு ஆதாரம்.

மாலிக்கீ மத்ஹபின் மேலோங்கிய கருத்து இந்த வழியை ஏற்கவில்லை. முஹல்லில் இருந்தாலும் இருவர் பணயம் கூடாது. இவ்வளவுக்கும், முஹல்லில் நுழைந்தால் குதிரைப் பந்தயத்தில் குற்றமில்லை என்ற ஸயீத் பின் முஸய்யப் (ரஹ்) அவர்களின் கூற்றை 'முவத்தா'விலேயே காண்கிறோம். நேரெதிர்த் திசையிலிருந்து வந்தவர் இப்னுல் கய்யிம். 'அல்ஃபுரூஸிய்யா' என்னும் நூலில், தம் ஆசிரியர் இப்னு தைமிய்யாவைப் பின்பற்றி, முஹல்லிலே தேவையில்லை என்று வாதிட்டார். அபூதாவூதின் அறிவிப்பு நபிமொழியன்று, ஸயீதின் சொந்தச் சொல்லே என்றார். இருவரும் வைப்பதே நீதிக்கு நெருக்கம் என்பது அவர் வாதம். ரோமர் மீண்டும் வெல்வர் என்ற இறைவாக்கை நம்பி அபூபக்ர் (ரலி) மக்கத்து இணைவைப்பாளரோடு கட்டிய பந்தயத்தையும் சான்றாக்கினார். அது பந்தயத் தடைக்கு முந்தியது என்று திர்மிதீயின் அறிவிப்பு கூறுவதால், பெரும்பான்மையோர் அச்சான்றை ஏற்பதில்லை.

இது ஏட்டுச் சண்டையோடு நிற்கவில்லை. ஹிஜ்ரி 746இல் (கி.பி. 1345) திமிஷ்க்கின் ஷாஃபிஈ தலைமைக் காழி தகிய்யுத்தீன் சுப்கீ, இப்னுல் கய்யிமை இதன்பொருட்டு அழைத்து விசாரித்தார். அவர் பெரும்பான்மையோரின் கருத்துக்கு இசைவு தெரிவித்ததாக அவ்வூர் வரலாற்றாசிரியர் இப்னு கஸீர் எழுதுகிறார். மூன்றாவது குதிரை ஒன்றுக்காகத் தலைமைக் காழி ஓர் அறிஞரை அழைத்து வினவிய காலம் அது! ஆனால், இந்த விவாதம் முழுவதும் போர்ப்பயிற்சிக்கான ஆட்டங்களின் எல்லைக்குள் நடந்தது என்பதை மறக்கலாகாது. இப்னுல் கய்யிமின் தாராளம் பொழுதுபோக்குப் பணயத்துக்குத் திறந்த கதவன்று.

மின்ஹாஜ் அந்த எல்லையைத் தெளிவாகவே வரைகிறது. ஈட்டியெறிதலும் கல்லெறிதலும் போருக்குப் பயன்படுவதால் உள்ளே வரும். போலோப் பந்து, நீச்சல், சதுரங்கம், எந்தக் கையில் மோதிரம் என்று கண்டுபிடித்தல், ஒற்றைக் காலில் நிற்றல் இவற்றுக்குப் பணயம் கூடாது. வட்டெறிதலும் எறிதல்தானே என்று கேட்கத் தோன்றலாம். சங்கிலிக் கூடைக்குள் வட்டைச் சேர்ப்பதில் எந்தப் போருக்கான பயிற்சியும் இல்லை. பந்தாட்டத்தின் வரிசையில்தான் அது நிற்கும். இந்த எல்லைக்குள் திறமை என்ற மூன்றாம் நியாயத்துக்கு வேலையில்லை. சதுரங்கத்தைவிடத் திறமை கோரும் ஆட்டம் எது? ஒரே வீச்சில் கூடை சேர்ப்பவர்க்கென்று வாராவாரம் பெருகும் பொதுப்பணத்திலோ காசு போட்ட அத்தனை பேரும் பேற்றுக்கும் இழப்புக்கும் நடுவில் நிற்கிறார்கள். எதுவும் வைக்காத மூன்றாமவர் அங்கில்லை. மனமொப்பித் தந்தது என்ற நியாயமும் உதவாது. மைசிரில் அமர்ந்தவர் அனைவரும் மனமொப்பியே அமர்ந்தனர்.

கெய்ரோவில் மம்லூக் சுல்தான் பைபர்ஸ் (1260–1277) காலத்தில் 'கபக்' ஆட்டம் சிறந்திருந்தது. உயர்ந்த கம்பத்தின் உச்சியில் பொன்னாலோ வெள்ளியாலோ ஆன சுரைவடிவக் கலம். உள்ளே ஒரு புறா. குதிரையில் பாய்ந்துவந்து மேல்நோக்கி எய்து கலத்தை வீழ்த்திப் புறாவைப் பறக்கவிடும் வீரனுக்குக் கலமும் மேலங்கியும் சுல்தானிடமிருந்து கிடைக்கும். தோற்றவர் எதையும் இழக்கவில்லை. ஃபிக்ஹு நூல்கள் முதலில் அனுமதிக்கும் வடிவம் இதுவே.

டிஸ்க் கோல்ஃப் ஆடுவோரிடமும் காசில்லா வழக்கம் ஒன்று இருக்கிறது. குழுவினர் ஒவ்வொருவர் பையிலும் எண் பொறித்த வில்லை ஒன்று தொங்கும். ஆட்டம் முடிந்ததும் குறைந்த வீச்சுகளில் முடித்தவர் அன்று கூடியோரிடையே உள்ள மிகக் குறைந்த எண்ணைப் பெறுவார். மற்றவர்களும் தத்தம் நிலைக்கேற்ப மாற்றிக்கொள்வர். முதல் எண்ணை வைத்திருப்பவர் அடுத்த வாரம் அதைக் காத்துக்கொள்ளத் திடலுக்கு வந்தே ஆக வேண்டும். போட்டி குறைவதில்லை, கைமாறுவது எண் மட்டுமே.