எண்ணெயில் பொரித்த பேய்

சீனாக்காரங்க காலைல என்ன சாப்பிடுவாங்கன்னு கேட்டா நம்மள்ல பாதி பேரு நூடுல்ஸ்னுதான் சொல்வோம். ஷாங்காய்ல கேட்டா வேற பதில் வரும். அங்க தெருக்கடை டிபன்ல நாலு பேரை 'நாலு பெரிய காவலர்கள்'னு செல்லமா சொல்றாங்க: சுட்ட ரொட்டி, ஒட்டும் அரிசி உருண்டை, சூடான சோயா பால், அப்புறம் நம்ம கதாநாயகன் யோத்தியாவ். முழ நீளத்துக்கு ரெட்டைக் குச்சி மாதிரி உப்பி, வெளியே மொறுமொறுன்னு, உள்ளே வெறும் காத்தா இருக்கும். பிய்ச்சு சோயா பால்ல முக்கிச் சாப்பிடணும்.

சீனாவில 1955-ல தொடங்கி 1990-களின் ஆரம்பம் வரைக்கும் தானியக் கூப்பன் இருந்துச்சு. காசு இருந்தாலும் கூப்பன் இல்லாம மாவுப் பண்டம் வாங்க முடியாது. ஷாங்காய்ல அரை லியாங், அதாவது வெறும் 25 கிராமுக்குக் கூட கூப்பன் அடிச்சாங்க. ஒரே ஒரு யோத்தியாவ் வாங்க அது போதும்!

இந்தப் பண்டத்துக்கு கான்டனீஸ் மொழியில 'யாவ் ஜா க்வாய்'னு பேரு. எண்ணெயில் பொரித்த பேய்னு அர்த்தம். யாருங்க அந்தப் பேய்?

1127-ல வடக்கே இருந்து வந்த ஜுர்ச்சென் படை சோங் வம்சத்துத் தலைநகரத்தைப் பிடிச்சு, பேரரசரையும் அவரோட அப்பாவையும் கைதியா கொண்டு போயிடுச்சு. தப்பிச்ச தம்பி காவ்சோங் தெற்கே போய் அரியணை ஏறினார். அவரோட தளபதிகள்ல பெரிய ஆளு யுவே ஃபெய். இழந்த வடக்கை மீட்டே தீருவேன்னு முன்னேறிக்கிட்டிருந்தவரை 1140-ல திரும்பி வரச் சொல்லி உத்தரவு வந்துச்சு. 1141-ல சமாதான ஒப்பந்தம்: வருஷத்துக்கு 2,50,000 லியாங் வெள்ளியும் 2,50,000 சுருள் பட்டும் கப்பம். 1142 ஜனவரியில யுவே ஃபெய்யைக் கொன்னுட்டாங்க. என்ன குத்தம்னு இன்னொரு தளபதி கேட்டதுக்கு, 'ஒருவேளை இருந்திருக்கலாம்'ங்கற மாதிரிதான் அமைச்சர் சின் ஹுய் பதில் சொன்னாராம். அந்த மூணே எழுத்து சீன மொழியில இன்னிக்கும் பொய் வழக்குக்கு மறுபேரு.

கொதிச்சுப்போன ஹாங்சௌ ஜனங்க, சின் ஹுய், அவர் மனைவின்னு ரெண்டு மாவு பொம்மை பண்ணி, முதுகோட முதுகை ஒட்டி எண்ணெயில போட்டாங்கன்னு கதை. அதான் யோத்தியாவ் எப்பவும் ரெட்டையா இருக்காம். ஹுய்ங்கற பேரும் பேய்ங்கற சொல்லும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிக்கிறதால பேரு அப்படி மாறிடுச்சுன்னு சொல்றாங்க. மலேசியா, சிங்கப்பூர் தமிழர்களுக்கு இது புதுசு இல்லை. அங்க 'யூ சார் க்வே', மலாய்ல 'சக்கோய்'.

கதை அருமை. ஆனா சீனாவில மாவைப் பிசைஞ்சு எண்ணெயில பொரிக்கிறது இதுக்கெல்லாம் ரொம்ப முந்தியது. 6-ம் நூற்றாண்டு விவசாய நூல் ஒண்ணுலயே பொரிச்ச மாவுப் பண்டங்கள் வருது. ரெட்டையா இருக்கறதுக்கும் அடுப்படியிலேயே காரணம் இருக்கு. ஒத்தைத் துண்டைப் போட்டா மேல்தோல் உடனே இறுகி, உப்பறது நின்னுடும். ரெண்டை ஒட்டிப் போட்டா நடு இடுக்குல எண்ணெய் சீக்கிரம் படாது. அங்க மாவு இளகியே இருக்கறதால ஆவியும் வாயுவும் அதை விரிச்சுக்கிட்டே போகும்.

சரி, வீட்டுல செய்யலாம். தெருக்கடைப் பழைய முறையில சோடாவோட படிகாரம் சேர்ப்பாங்க. ஆமா, சவரக் கடைப் படிகாரமேதான். அதுல அலுமினியம் இருக்கறதால நமக்கு வேணாம்.

250 கிராம் மைதா, ஒன்றரை டீஸ்பூன் அலுமினியம் இல்லாத பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் சமையல் சோடா, அரை டீஸ்பூன் உப்பு, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், சுமார் 160 மி.லி. தண்ணி. கையில லேசா ஒட்டற பதம். மூடி ராத்திரி முழுக்க ஃபிரிஜ்ல வைங்க. காலைல ஒரு மணி நேரம் வெளிய வெச்சு, திரும்பப் பிசையாம நீளப் பட்டையாத் தட்டுங்க. ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, ரெண்டு ரெண்டா அடுக்கி, நடுவுல குச்சியால நீளவாக்குல அழுத்துங்க. ரெண்டு முனையையும் பிடிச்சு இழுத்து, நல்லா காய்ஞ்ச எண்ணெயில போட்டு, விடாம உருட்டிக்கிட்டே இருங்க. இந்த உருட்டல்தான் உயிர்.

ஹாங்சௌல யுவே ஃபெய் கல்லறை முன்னால சின் ஹுய், மனைவி, கூட இருந்த ரெண்டு பேருன்னு நாலு இரும்புச் சிலைங்க மண்டி போட்டுக்கிட்டிருக்கு. ஜனங்க காலங்காலமா அதும்மேல காறித் துப்பியிருக்காங்க. ஆனா யுவே ஃபெய் வடக்கை மீட்டு, சிறையில இருந்த அண்ணனும் திரும்பி வந்துட்டா யாரோட நாற்காலி ஆடியிருக்கும்? காவ்சோங்கோடது. சின் ஹுய் பாவம் சின்ன ஆளு, ராஜாவோட மனசறிஞ்சு நடந்தார்னு மிங் காலத்து ஓவியர் வென் ஜெங்மிங் கவிதையே எழுதிட்டார். ஆனாலும் காவ்சோங்குக்கு அங்க சிலை இல்லை.

அமைச்சரைத் திட்டலாம், பொரிக்கலாம், துப்பலாம். ராஜாவைத் தொட முடியாது. எண்ணூறு வருஷமா யோத்தியாவ்ல ரெண்டே துண்டுதான். மூணாவதா ஒண்ணை ஒட்ட யாருக்கும் தைரியம் வரலை.

இது சீனாவுக்கு மட்டுமா பொருந்தும்? நீங்களே சொல்லுங்க.