கறுப்பு மாதிரிகளும் வண்ண வட்டங்களும்

சிறுவன் ஒருவன் உள்ளங்கையளவு பிளாஸ்டிக் விமானத்தின் உறுப்புகளை ஒட்டி, மெல்லிய தூரிகையால் வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பதைக் காணும் பெரியோர், படிக்கும் நேரத்தில் என்ன விளையாட்டு என்று கடிந்துகொள்வதுண்டு. அவன் கையில் இருப்பது விளையாட்டுப் பொருள்தான், அதில் ஐயமில்லை. ஆயினும் அதன் அளவுக்கும், அதன்மீது அவன் தீட்டும் நிறத்துக்கும் பின்னால், தம் படையினராலேயே சுட்டு வீழ்த்தப்பட்ட இளைஞர் பலரின் வரலாறு அடங்கியிருக்கிறது.

அளவை முதலிற் காண்போம். போர் விமான மாதிரிகளுள் மிகப் பல, உண்மை விமானத்தின் எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் செய்யப்படுகின்றன. இஃது அடி, அங்குலக் கணக்கில் பிறந்த அளவு. ஆறடி உயர மனிதன் இவ்வளவில் ஓர் அங்குலமாகிறான். 1932ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஹே ஸ்டீவன்ஸ் வடிவமைத்த 'ஸ்கைபேர்ட்ஸ்' மரத் தொகுப்புகள் இவ்வளவைப் பரப்பின. 1936இல் 'ஃபுரோக் பெங்குயின்' தொகுப்புகள் பிளாஸ்டிக்கில் வெளிவந்தன. அதுவரை இது வெறும் பொழுதுபோக்கே.

பிரிட்டன் இரண்டாம் உலகப் போரில் இறங்கி மூன்று நாள் சென்றதும் நிலைமை மாறியது. 1939 செப்டம்பர் 6ஆம் நாள் காலையில் எதிரி வருவதாகத் தவறான எச்சரிக்கை ஒன்று எழ, பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் வானில் ஏறின. எதிரே பறந்த இரண்டு ஹரிகேன் விமானங்களைப் பகைவர் விமானங்கள் எனக் கருதிச் சுட்டு வீழ்த்தின. விமானிகளுள் ஒருவர் உயிர் பிழைத்தார். மாண்டேகு ஹல்டன்-ஹேரப் என்பவர் மாண்டார். ஸ்பிட்ஃபயர் வீழ்த்திய முதல் விமானங்கள் தன் நாட்டு விமானங்களே என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. ஈராண்டு கழித்து, 1941 டிசம்பர் 7ஆம் நாள் பேர்ல் துறைமுகம் தாக்குண்ட அன்றிரவு, தம் தளத்தில் இறங்க வந்த ஆறு அமெரிக்கப் போர் விமானங்கள்மீது அமெரிக்கப் பீரங்கிகளே முழங்கின. மூன்று விமானிகள் உயிரிழந்தனர். பகலெல்லாம் குண்டுமழையில் நின்ற பீரங்கி வீரர்களுக்கு, வானில் வருவதெல்லாம் பகையாகவே தோன்றியிருக்கும்.

இந்நிலையில்தான் அமெரிக்கக் கடற்படை பள்ளிக்கூடங்களை நாடியது. 1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நாட்டுக் கல்வி அலுவலகத்தின் வழியாக ஒரு வேண்டுகோள் விடுக்கப்பட்டது. ஐம்பது வகை விமானங்கள், வகைக்குப் பத்தாயிரம், ஆக மொத்தம் 5,00,000 மாதிரிகள் வேண்டும். பள்ளித் தச்சுக் கூடங்களில் மாணவர்கள் மரத்தைச் செதுக்கிச் செய்ய வேண்டும். எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்னும் அளவே இங்கும் விதிக்கப்பட்டது. அதன் காரணத்தை எந்த வகுப்பிலும் கணக்காகப் போட்டுக் காட்டலாம். மாதிரியை முப்பத்தைந்து அடி தொலைவில் வைத்தால், 35 பெருக்கல் 72, அதாவது 2,520 அடி தொலைவில் உண்மை விமானம் தோன்றும் அளவே தோன்றும். அஃது அரை மைலுக்குச் சற்றுக் குறைவு. பயிற்சிக் கூடத்தின் ஒரு கோடியில் மாதிரியைத் தொங்கவிட்டு மறுகோடியில் நின்று நோக்கும் வீரனுக்கு, அரை மைல் வானம் அந்தக் கூரையின் கீழேயே கிடைத்துவிடுகிறது!

அம்மாதிரிகளுக்கு ஒரே நிறம், கறுப்பு. ஒளியை நோக்கிப் பார்க்கும்போது விமானத்தின் நிறமோ சின்னமோ புலப்படாது. புற உருவம் ஒன்றே புலப்படும். ஆகவே அழகுக்கு அங்கே இடமில்லை, அளவுக்கே இடம். செதுக்கிய இறக்கையையும் உடலையும் அட்டையில் வெட்டிய வடிவங்களோடு ஒத்துப் பார்ப்பர். பொருந்தாதவை தள்ளப்பட்டன. இதனைக் கடுமை எனச் சொல்லல் ஆகாது. இறக்கை நுனி சற்றே மழுங்கினால், ஒரு விமானம் மற்றொன்றைப்போல் ஆகிவிடும். பிழையான மாதிரியைப் பார்த்துப் பழகிய கண், பிழையாகவே சுடும். தேர்ச்சி பெற்ற மாதிரிகளைச் செய்த மாணவர்களுக்குச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. பின்னர்ச் சிக்காகோவில் குரூவர் என்னும் நிறுவனம் பிளாஸ்டிக்கில் இவற்றை வார்க்கத் தொடங்கியது.

மாதிரிகளைக் கொண்டு எவ்வாறு கற்பிப்பது என்பதிலும் கருத்து வேறுபாடு இருந்தது. இஃது ஆசிரியர்கள் சிந்திக்கத்தக்கது. இறக்கை, எந்திரம், உடல், வால் எனப் பகுதி பகுதியாகப் பிரித்து ஆராய்ந்து முடிவுக்கு வருவது பழைய முறை. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் சாமுவேல் ரென்ஷா அதனை ஏற்கவில்லை. விமானத்தின் படத்தை நொடியின் சிறு கூறளவே திரையில் மின்னச்செய்து, முழு உருவத்தை ஒரே நோக்கில் உணரப் பழக்கினார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கும் சொல்லை ஒருங்கே கண்டு படிக்கும் குழந்தைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. பகுதிகளை எண்ணி முடிப்பதற்குள் விமானம் தலைக்குமேல் வந்துவிடும் அல்லவா? கடற்படை அவர் முறையை ஏற்றுக்கொண்டது.

உருவம் மட்டும் போதாது என்பதற்கு மலாயாவின் வானமே சான்று. 1941-42இல் இங்கே பறந்த ஜப்பானியத் தரைப்படையின் கி-43 ஹயாபுசா விமானங்களை, நேச நாட்டு விமானிகள் பலமுறை கடற்படையின் 'ஸீரோ' என்றே கருதினர். இரண்டும் பகை விமானங்களாதலால் அப்பிழை ஓரளவு பொறுக்கத்தக்கது. சிவப்பு நிறத்தால் விளைந்த குழப்பமோ பொறுக்கத்தக்கதன்று. ஜப்பானிய விமானத்தின் சின்னம் சிவப்பு வட்டம். அமெரிக்க விமானத்தின் வெள்ளை விண்மீன் நடுவிலும், பிரிட்டிஷ் விமானத்தின் வட்டச் சின்னம் நடுவிலும் சிவப்புப் பொட்டு இருந்தது. தொலைவிலிருந்து நோக்கும் கண், சிவப்பைக் கண்டதும் பகை என்று முடிவு செய்தது. ஆகவே 1942 மே மாதத்தில் அமெரிக்கர் அப்பொட்டை நீக்கினர். பர்மா, இந்திய முனைகளில் பிரிட்டிஷாரும் சிவப்பை அழித்து, நாளடைவில் கருநீலமும் வெளிர்நீலமும் மட்டும் கொண்ட சின்னத்தைத் தீட்டினர். 1945 செப்டம்பரில் மலாயாவுக்குத் திரும்பிய பிரிட்டிஷ் விமானங்கள் சிவப்பற்ற அச்சின்னத்தோடுதான் வந்தன. இன்று அவற்றின் மாதிரியைச் செய்வோர், நடுவில் சிவப்பை இட்டால் அது வரலாற்றுப் பிழையாகும்.

இத்தனைக்குப் பிறகும் பிழை நின்றபாடில்லை. 1943 ஜூலை 11ஆம் நாள் இரவு, சிசிலித் தீவில் குதிக்கவேண்டிய வீரர்களை ஏற்றிச் சென்ற 144 அமெரிக்க விமானங்களுள் 23, நேசப் படைகளின் பீரங்கிகளுக்கே இரையாயின. அதன் படிப்பினையாகவே, 1944 ஜூன் 6ஆம் நாள் நார்மண்டிப் படையெடுப்பின்போது, இறக்கைகளிலும் உடலிலும் மூன்று வெள்ளை வரிகளும் இரண்டு கறுப்பு வரிகளும் மாறி மாறி இடப்பட்டன. கமுக்கம் கருதி ஆணை கடைசி நேரத்திலேயே தளங்களை எட்டியது. ஆயிரக்கணக்கான விமானங்களுக்கு ஓரிரு நாளில் வரியிட வேண்டியிருந்தது.

போர் முடிந்தபின் கறுப்பு மாதிரிகளுக்கு வேலையில்லாது போயிற்று. அவற்றின் அளவு மட்டும் நிலைத்தது. ஹங்கேரியிலிருந்து இங்கிலாந்தில் குடியேறிய நிக்கலஸ் கோவ் 1939இல் நிறுவிய 'ஏர்ஃபிக்ஸ்', 1953இல் அதே அளவில் ஒரு ஸ்பிட்ஃபயரை வெளியிட்டது. இரண்டு ஷில்லிங் விலையில் வுல்வொர்த் கடைகளில் விற்பனையான அம்மாதிரி, உண்மை விமானத்தோடு சரிவரப் பொருந்தவில்லை. 1942இன் பள்ளித் தச்சுக் கூடம் அதைத் தள்ளியிருக்கும். எனினும் சிறுவர் கையில் தூரிகையைக் கொடுத்தது அதுவே. ஹல் நகரத்து 'ஹம்புரோல்' நிறுவனத்தின் சிறு வண்ணக் குப்பிகள் அவர்களுக்குத் துணை நின்றன. கறுப்பு ஒன்றே போதும் என்றிருந்த கலை, எந்த ஆண்டு, எந்த முனை, எந்தப் படைப்பிரிவு, எந்தப் பச்சை என்று வழக்காடும் கலையாக வளர்ந்தது.

நார்மண்டி வரிகளைத் தீட்டுவதில் இன்றும் ஒரு சிக்கல் உண்டு. ஓர் எந்திர விமானத்தில் ஒவ்வொரு வரியும் பதினெட்டு அங்குல அகலம். மாதிரியில் அது சரியாகக் கால் அங்குலம். ஒட்டுநாடாவை நேராக ஒட்டி, மயிரிழையும் பிசகாமல் வரியிடுபவர் பெருமிதம் கொள்வார். அக்காலப் புகைப்படங்களைப் பார்த்தாலோ, பல விமானங்களில் வரிகள் கோணலாகவும், விளிம்பு கலங்கியும், தூரிகைத் தடம் தெரியவும் கிடக்கின்றன. அடுத்த நாள் தம்மவர் தம்மவரைச் சுடாதிருக்க, கிடைத்த தூரிகையால் இரவோடிரவாகத் தீட்டிய வரிகள் அவை.